புதுக் குஞ்சும் பழைய கூட்டமும்

சென்னைப் புறநகரான திருமுடிவாக்கம் பக்கம் ஒரு வீட்டுக்குக் கோழிக்குஞ்சு வந்து சேரும் வழிகள் மூன்று. வீட்டுப் பெட்டை அடைகாத்துப் பொரிப்பது முதல் வழி. பல்லாவரம் வெள்ளிச் சந்தையிலோ பண்ணையிலோ விலைக்கு வாங்குவது இரண்டாவது. மஞ்சள், பச்சை, ரோஸ் என்று சாயம் ஏற்றிய குஞ்சுகளைத் தெருவில் கூவி விற்பவரிடம், பிள்ளைகளின் பிடிவாதத்துக்காக வாங்குவது மூன்றாவது. எப்படி வந்தாலும் அந்தக் குஞ்சு இரண்டு கண்டங்களைத் தாண்டியாக வேண்டும். வெயில், மழை, காக்கை, பூனை எல்லாம் உள்ள திறந்த வெளியில் பிழைத்திருப்பது ஒன்று. அங்கே ஏற்கெனவே மேயும் கோழிகள் அதைச் சேர்த்துக்கொள்வது மற்றொன்று. தாய்க்கோழி இருந்தால் இரண்டும் தானாக நடந்துவிடும். தாய் இல்லாத குஞ்சுக்கு அந்த வேலைகளை ஒவ்வொன்றாக வளர்ப்பவர்தான் செய்ய வேண்டும்.

தாய்க்கோழி என்னென்ன செய்கிறது என்று முதலில் பார்க்கலாம். சிறுவிடை என்னும் நாட்டுக்கோழிப் பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டைகளின்மேல் 21 நாள் உட்கார்ந்து பொரிக்கிறது. பொரித்த பிறகு குஞ்சுகளை இறக்கைக்கடியில் வாங்கிச் சூடு கொடுக்கிறது. தீனியைக் கண்டால் 'கொக்கொக்' என்று கூப்பிட்டு, ஒரு மணியை அலகில் எடுத்து எடுத்துக் கீழே போட்டு, எதைத் தின்னலாம் என்று காட்டிக் கொடுக்கிறது. மேலே பருந்து நிழல் தெரிந்தால் ஒரு குரல், தரையில் பூனை வந்தால் வேறொரு குரல். குஞ்சுகளும் அதற்கேற்பப் பதுங்கவோ ஓடவோ செய்கின்றன. மற்றக் கோழிகள் குஞ்சை நெருங்கினால் சிலிர்த்துக்கொண்டு பாய்கிறது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில், அடுத்த முட்டைக்குத் தயாராகும்போது, தன் குஞ்சுகளையே கொத்திப் பிரித்துவிடுகிறது. அதற்குள் கூட்டத்துக் கோழிகள் அந்தக் குஞ்சுகளை இரண்டு மாதமாகப் பார்த்துப் பழகியிருக்கும். அவற்றுக்கு இவை புதியவை அல்ல. கூட்டத்தில் சேர்க்கும் சூட்சுமம் முழுவதும் இந்த இரண்டு மாதப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

அடைக்கோழி கையில் இருக்கும்போது வாங்கிய குஞ்சுகளையும் அதன் பொறுப்பில் விட்டுவிடலாம். சில வாரம் அடையில் உட்கார்ந்த கோழிக்கு அடியில், இருட்டிய பிறகு, முட்டைகளை எடுத்துவிட்டு ஒருநாள் அல்லது இரண்டு நாள் வயதுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகச் செருகுவது வழக்கம். விடிந்ததும் பெரும்பாலான பெட்டைகள் அவற்றைத் தம் குஞ்சுகளாகவே நடத்தும். முதல் ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்ப்பது அவசியம். கொத்தி விரட்டினால் குஞ்சுகளை உடனே எடுத்துவிட வேண்டும். மூன்று நான்கு நாளைக் கடந்த குஞ்சுகள் புதுத் தாயை நம்பிப் போவதில்லை. வனராஜா, கிராமப்பிரியா, நந்தனம் கோழி போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்கள் அடை உட்காருவது அரிது. அவற்றின் குஞ்சுகளை வளர்க்கச் சிறுவிடை நல்ல செவிலித்தாய்.

அடைக்கோழி இல்லாவிட்டால் பல்புதான் தாய். தெருவில் விற்கும் சாயக் குஞ்சுகள், முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் வேண்டாம் என்று ஒதுக்கப்படும் சேவல் குஞ்சுகள். அவை இரண்டொரு நாளில் சாவதற்குச் சாயத்தைவிடக் குளிர்தான் பெரும்பாலும் காரணம். முதல் வாரத்தில் குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து வரலாம். குஞ்சுக்கு 2 வாட் என்பது பொதுக் கணக்கு. 20 குஞ்சுகளுக்கு ஒரு 40 வாட் குண்டு பல்பு போதும். இப்போது கடைகளில் பரவலாகக் கிடைக்கும் எல்.ஈ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. இது தெரியாமல் எல்.ஈ.டி.யைத் தொங்கவிட்டு, விடியற்காலையில் விறைத்துக் கிடக்கும் குஞ்சுகளைப் பார்க்கிற வீடுகள் உண்டு. சூடு சரியா என்பதைக் குஞ்சுகளே சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கினால் குளிர். ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து, இறக்கையைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி. அக்கினி நட்சத்திர நாட்களில் பகலில் பல்பே தேவைப்படாது. நிழலும் தண்ணீரும்தான் அப்போது முக்கியம்.

குஞ்சுகளை மண்ணில் விடுவதை இரண்டாம் வாரத்தில் தொடங்கலாம். காலை வெயில் ஏறிய பிறகு ஒரு மணி நேரம், அடுத்தடுத்த நாட்களில் இரண்டு மூன்று மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போகலாம். பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே செங்கல் வைத்து, பாதி நிழலும் பாதி வெயிலுமாக அமைத்தால் குஞ்சு வேண்டிய இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். பஞ்சாரத்தைத் தினமும் இடம் மாற்றுவது நல்லது. ஒரே இடத்தில் எச்சம் சேர்ந்து ஈரமானால் ரத்தக்கழிச்சல் வரும். மூன்றிலிருந்து ஆறு வார வயதுக் குஞ்சுகளை அதிகம் கொல்லும் நோய்களில் அது ஒன்று. உடம்பு முழுக்க இறகு மூட ஐந்தாறு வாரம் ஆகும். அதுவரை இரவில் சூடும் மழையில் கூரையும் தவறக் கூடாது.

திறந்த வெளியில் முதல் எதிரி காக்கை. குப்பைத் தொட்டியும் இறைச்சிக் கடையும் உள்ள புறநகரில் அதற்குப் பஞ்சமில்லை. கைக்கு அடங்கும் குஞ்சைக் காக்கையே தூக்கிவிடும். சற்று வளர்ந்ததைப் பருந்தும் வல்லூறும் பார்த்துக்கொண்டிருக்கும். மேய்ச்சல் இடத்துக்கு மேலே பழைய மீன்வலையைக் கட்டினால் மூன்றுக்கும் தடை. தரையில் பூனை, கீரி, பெருச்சாளி, பாம்பு. அடையாற்றங்கரை ஓரத்துப் புதர்களும் வீடு கட்டாத மனைகளும் கீரிக்கும் பாம்புக்கும் நல்ல இருப்பிடம். ஒரு அங்குலக் கண் உள்ள கோழி வலையில் குட்டிப் பாம்பு எளிதாக நுழைந்துவிடும். குஞ்சுக் கூண்டுக்கு அரை அங்குலக் கம்பி வலையே ஏற்றது. வலையின் அடிப்பகுதியை மண்ணுக்குள் அரையடி புதைத்தால் பெருச்சாளி தோண்டிக்கொண்டு வராது.

இந்த ஊரில் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. பட்டறைக் கழிவு கலந்த மண்ணைக் கொட்டி மேடாக்கிய மனையில் இரும்புச் சுருள், ஆணி, கம்பித் துண்டு எல்லாம் கிடக்கும். கோழி மினுங்குவதைக் கொத்தி விழுங்கும் பிராணி. விழுங்கிய உலோகம் அரைவைப்பையைக் கிழிக்கலாம். குஞ்சுகளை விடும் இடத்தில் மண்ணை ஒருமுறை சலித்து அல்லது காந்தத்தால் துழாவிப் பார்ப்பது வீண் வேலை அல்ல.

தீனியில் கவனிக்க வேண்டிய விஷயம் சுண்ணாம்புச் சத்து. முட்டைக்கோழித் தீவனத்தில் முட்டை ஓட்டுக்காக 3 சதவீதத்துக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கும். அதையே தொடர்ந்து தின்றால் குஞ்சின் சிறுநீரகம் கெடும். குஞ்சுத் தீவனத்தில் 20 சதவீத அளவுக்குப் புரதம் இருக்க வேண்டும். பெரியதும் சிறியதும் ஒன்றாக மேயத் தொடங்கிய பிறகு எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனத்தையே வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைப்பது எளிய தீர்வு. வேண்டிய பெட்டை அதைத் தின்னும், குஞ்சு பெரும்பாலும் தொடாது. புரதத்துக்குக் கிராமத்து உத்தி ஒன்று உண்டு. பழைய மண்பானையில் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, ஓலைத்துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் பானைக்குள் கரையான் மொய்த்திருக்கும். அதைக் குஞ்சுகளுக்கு முன்னால் தட்டினால் நிமிடத்தில் காலி.

கூட்டத்தில் சேர்ப்பதற்கு முன் தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய் ஒரு தெருவின் கோழிகளைச் சில நாளில் துடைத்துவிடக்கூடியது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காம் வாரத்தில் லசோட்டா, ஆறாம் வாரத்தில் அம்மைத் தடுப்பூசி, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஆர்.டி.வி.கே. ஊசி என்பது வழக்கமான வரிசை. இந்த மருந்துகள் கோழிக்கு ஒன்றாகக் கிடைப்பதில்லை. சிறிய குப்பியிலேயே 100 கோழிகளுக்கான அளவு இருக்கும். கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதனால் தெருவில் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு குப்பி வாங்குவதே லாபம். கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் இந்த நோய்க்கான தடுப்பூசி முகாம்களையும் நடத்துகிறது. ஆலோசனைக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். இது பூந்தமல்லி அருகே உள்ள காட்டுப்பாக்கம் அல்ல, ஜி.எஸ்.டி. சாலையில் பொத்தேரியை அடுத்தது.

சந்தையில் வாங்கிய கோழியோ குஞ்சோ, இரண்டு வாரமாவது தனியாக இருக்க வேண்டும். பல ஊர்க் கோழிகள் ஒரே இடத்தில் கூடிக் கலைவதால், பார்வைக்கு நன்றாக இருப்பதும் உள்ளே நோயைச் சுமந்து வரலாம். தனித் தண்ணீர், தனித் தீனிச்சட்டி வைத்து, பழைய கோழிகளைக் கவனித்த பிறகே புதியவற்றிடம் போக வேண்டும். எச்சம், மூச்சு, நடை மூன்றிலும் குறை இல்லையென்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டெரப்-எப்பே 1922இல் இதை விரிவாக எழுதினார். மேலே உள்ளது கீழே உள்ள எதையும் கொத்தலாம். கீழே உள்ளது திருப்பிக் கொத்துவதில்லை. தீனிச்சட்டியில் முதலிடமும், இரவில் அடையும்போது உயர்ந்த இடமும் இந்த வரிசைப்படியே. கோழிகள் ஒன்றையொன்று முகத்தையும் கொண்டையையும் வைத்து அடையாளம் கண்டுகொள்கின்றன. புதியது ஒன்று நுழைந்தால் வரிசை குலையும், மறுபடி சண்டையிட்டே அது நிலைபெறும். சமமான உடம்பு உள்ளவற்றுக்கிடையே இது சில கொத்தோடு முடியும். ஒரு மாதக் குஞ்சுக்கும் வளர்ந்த பெட்டைக்கும் இடையே நடந்தால் குஞ்சு மண்டை உடைந்து சாகும். பெருவிடைக் கூட்டத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அவை சண்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்டவை.

ஆகவே சேர்ப்பதைப் படிப்படியாகச் செய்ய வேண்டும். ஐந்தாறு வாரத்தில் குஞ்சுக் கூண்டைப் பெரிய கோழிகள் மேயும் இடத்திலேயே வைத்து, நடுவில் வலை மட்டும் இருக்கும்படி செய்யலாம். இரு தரப்பும் பார்க்கும், வலை வழியே இரண்டொரு கொத்துக் கொத்தும், பிறகு சலித்து விலகும். வலையின் இருபுறமும் அருகருகே தீனி வைத்தால் பழக்கம் சீக்கிரம் வரும். இரண்டு வாரத்துக்குப் பிறகு, பெரிய கோழிகள் வயிறு நிறைந்து மந்தமாக இருக்கும் மாலை நேரத்தில், கதவைத் திறந்து அரை மணி நேரம் ஒன்றாக மேய விடலாம். நேரத்தைத் தினமும் கூட்ட வேண்டும். குஞ்சை ஒற்றையாக விடவே கூடாது. கூட்டாக விட்டால் கொத்து பகிர்ந்துபோகும். தீனிச்சட்டியும் தண்ணீரும் இரண்டு மூன்று இடங்களில் இருக்க வேண்டும். குஞ்சு நுழையக்கூடிய, பெரிய கோழி நுழைய முடியாத சந்து ஒன்று அவசியம். செங்கல்லின்மேல் சாய்த்த பலகையோ பழைய காய்கறிக் கிரேடோ போதும்.

எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள், குஞ்சு பெரிய கோழியில் முக்கால் பங்கு வளர்ந்ததும், இரவுக் கூண்டையும் ஒன்றாக்கலாம். இருட்டிய பிறகு தூக்கி உள்ளே வைத்தால் கோழி சண்டைக்கு எழாது. ஆனால் பகலில் பழகாத குஞ்சை இரவில் மட்டும் சொருகினால், விடிந்ததும் கூண்டுக்குள் ஓட இடமில்லாமல் அடிபடும். முதல் சில நாள் வெளிச்சம் வருவதற்கு முன்பே கதவைத் திறந்துவிட வேண்டும்.

சேர்த்த முதல் வாரத்தில் துரத்தலும் கொத்தலும் இருக்கத்தான் செய்யும். தலையிடத் தேவையில்லை. ரத்தம் தெரிந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. சிவப்பைக் கண்டால் மற்றவையும் வந்து அதே இடத்தைக் கொத்தும். காயம்பட்டதைப் பிரித்து, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவி, ஆறிய பிறகு வலைக்கு அந்தப்புறம் வைத்து மறுபடி பழக்க வேண்டும். எல்லாவற்றையும் விரட்டும் ஒரே ஒரு பெட்டை இருந்தால், குஞ்சுகளை விட்டுவிட்டு அந்தப் பெட்டையைச் சில நாள் தனியே அடைப்பது பலன் தரும். திரும்பி வரும்போது அதன் இடமும் இறங்கியிருக்கும்.

இந்த ஊருக்கு நாள் பார்த்துக் குஞ்சு எடுப்பதும் முக்கியம். தையில் பொரித்தவை அக்கினிக்கு முன் இறகு மூடித் தேறிவிடும். ஆடியில் பொரித்தவை ஐப்பசி மழைக்கு முன் கூட்டத்தில் சேரும் வயதை எட்டிவிடும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர் பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. தாழ்வான மனைகளில் கோழிக் கூண்டைத் தரையிலிருந்து இரண்டடியாவது உயர்த்தி, அதில் பரப்பும் உமியை நனையாமல் வைத்திருக்க வேண்டும்.

மூன்று மாதத்தில் சேவல் எது, பெட்டை எது என்று தெரிந்துவிடும். எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். மிச்சச் சேவல்களை அப்போதே பிரித்து விற்றுவிடாத வீட்டில் கூட்டத்துக்குள்ளும் நிம்மதி இருக்காது, விடியற்காலைக் கூவலால் பக்கத்து வீட்டிலும் இருக்காது. அரை கிரவுண்டு வீட்டின் பின்புறத்தில் ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும் தாராளமாக வாழும். அதற்குமேல் சேர்க்க விரும்புகிறவர்கள் குஞ்சு வாங்கும் முன் நடுவில் கட்டும் வலையை வாங்கிவிடுங்கள்.