கண்ணாடிக்கு யார் பூட்டு போட்டது?

விண்டோஸோ லினக்ஸோ, புதுசாகப் போட்ட கையோடு "அந்த எஃபெக்டையெல்லாம் ஆஃப் பண்ணிடு, மெஷின் பறக்கும்" என்று அருள்வாக்கு சொல்ல தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். 512 எம்பி ராமோடு முக்கிக்கொண்டிருந்த பழைய டப்பாவுக்கு அது சரிதான். மற்றதற்கெல்லாம் வெறும் மூடநம்பிக்கை. எஃபெக்ட் ஓடும்போது ஒவ்வொரு ஜன்னலின் படமும் தனித்தனியாக நினைவகத்தில் இருக்கும், கிராபிக்ஸ் சிப் அவற்றைச் சேர்த்துக் காட்டும். ஒன்றை நகர்த்தினால் பின்னால் இருப்பதைத் திரும்ப வரையத் தேவையில்லை. அணைத்தால் அந்த வேலை பிராசஸர் தலையில்தான் விழும்.

சரி, அதை விடுங்கள். இந்த அருள்வாக்குக்காரர்கள் கேட்க மறந்த கேள்வி வேறு. ஒரு மெஷினால் எஃபெக்டைக் காட்ட முடியுமா முடியாதா என்று தீர்ப்பு சொன்னது யார்? மெஷினா, விற்றவனா?

2007 ஜனவரி 30-ல் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தது. அதன் ஏரோ கண்ணாடிக்கு டைரக்ட்எக்ஸ் 9 கிராபிக்ஸ், விஸ்டாவுக்கென்றே எழுதிய புதுவகை டிரைவர், பிக்சல் ஷேடர் 2.0 எல்லாம் வேண்டும் என்றார்கள். நியாயம். ஆனால் எல்லாத் தகுதியும் இருந்தும் ஹோம் பேசிக் வாங்கியவனுக்குக் கண்ணாடி கிடையாது. அவனுக்கு 'விஸ்டா ஸ்டாண்டர்ட்' என்று ஒரு தோற்றம். அதன் உள்ளே ஓடியது ஏரோவின் அதே எஞ்சின், அது கேட்டதும் ஏரோ கேட்ட அதே வன்பொருள். கண்ணாடியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார்கள்! அமெரிக்காவில் முழுப் பதிப்பு பேசிக் 199 டாலர், பிரீமியம் 239. இத்தனைக்கும் விஸ்டா டிவிடியில் எல்லா எடிஷனும் இருந்தது. எது திறக்கும் என்று சொன்னது கீ மட்டும்தான்.

"காசுக்கேற்ற தோசை, இதிலென்ன தப்பு?" என்று காமர்ஸ் வகுப்பில் உடனே ஒரு கை உயரும். பெரிய தோசைக்கு மாவு அதிகம் செலவாகும் ஐயா. இங்கே என்ன செலவானது? 19-ம் நூற்றாண்டிலேயே ழூல் துப்புய் என்ற பிரெஞ்சு பொறியாளர் இதைப் பிட்டு வைத்துவிட்டார். ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாதது கூரைச் செலவை மிச்சம் பிடிக்க இல்லை, இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடாமல் பயமுறுத்தத்தான் என்று. ஹோம் பேசிக் அந்தக் கூரையில்லாப் பெட்டி. இன்னும் சொன்னால், போட்டிருந்த கூரையைப் பிரித்தெடுத்த பெட்டி.

இன்னொரு கூத்து 'விஸ்டா கேப்பபிள்' ஸ்டிக்கர். 2006-ல் எக்ஸ்பி மெஷின்கள் மேல் ஒட்டி விற்றார்கள். அவற்றில் பலவற்றில் ஏரோ ஓடவே ஓடாது, பேசிக் மட்டும் ஓடும். 2007-ல் சியாட்டில் கோர்ட்டில் வழக்கு விழுந்தது. வழக்கில் மைக்ரோசாஃப்டின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. இன்டெலின் 915 சிப்செட் விற்பனை படுத்துவிடக் கூடாது என்றே தகுதியைக் குறைத்தோம் என்று அவர்கள் அதிகாரி ஒருவரே எழுதியிருந்தார். இன்டெல் மறுத்தது. 2009-ல் நீதிபதி வழக்கின் கூட்டு அந்தஸ்தை நீக்க, எல்லாம் புஸ்ஸென்று போனது. வேடிக்கை என்னவென்றால், கண்ணாடிக்கு லாயக்கில்லை என்ற அதே 915-ல், லினக்ஸில் காம்பிஸ் போட்டு கனசதுரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள் :)

2007 அக்டோபரில் வந்த உபுண்டு 7.10-ஐப் பாருங்கள். முதலில் மெஷினைச் சோதிக்கும். கார்டின் அடையாள எண் தகராறு பட்டியலில் இருக்கிறதா, தேவையான வசதிகள் உண்டா என்று பார்க்கும். தேறினால் எஃபெக்ட் தானே ஓடும். தோற்றத்துக்கான அமைப்பில் 'விஷுவல் எஃபெக்ட்ஸ்' என்று ஒரு பக்கம், அதில் மூன்றே தேர்வு: வேண்டாம், சாதாரணம், கூடுதல். தேறாவிட்டால், இயக்க முடியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். அதையும் நம்பாதவன் ஒரு செட்டிங்ஸ் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதி சோதனையையே தாண்டலாம். திரை வெள்ளையாக வெளுத்துப் போகலாம், டிரைவர் மண்டையைப் போடலாம். நிறையப் பேருக்குப் போட்டது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது சொந்த மெஷினில் சொந்தக்காரன் எடுத்த ரிஸ்க். "இன்னும் 40 டாலர் எடு" என்று அங்கே யாரும் கை நீட்டவில்லை.

விஸ்டாவோடு புத்தி வந்ததா என்றால், இல்லை. 2009-ல் விண்டோஸ் 7 வந்தபோது ஹோம் பேசிக்கை இந்தியா மாதிரி வளரும் நாடுகளுக்கென்றே ஒதுக்கினார்கள், அதிலும் கண்ணாடி கிடையாது. குட்டி நெட்புக்குகளில் வந்த ஸ்டார்ட்டர் எடிஷனில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. வால்பேப்பர்! அதற்கு எந்த கிராபிக்ஸ் சிப் பற்றாக்குறையாம்?

2012-ல் விண்டோஸ் 8 வந்தது. அத்தனை நாள் பூட்டி வைத்துக் காசு வாங்கிய கண்ணாடியை எல்லா எடிஷனிலிருந்தும் அவர்களே கழற்றி எறிந்தார்கள். காம்பிஸ் இன்றும் உபுண்டுவின் களஞ்சியத்தில் இருக்கிறது, வேண்டியவர் இறக்கிப் போட்டுக்கொள்ளலாம்.