பஸ்ஸை மறிக்கிறது யார்?

நேற்றும் வேலைக்குப் பிந்திவிட்டேன். சேவையைச் சீராக்கப் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும் என்று அறிவிப்பு வந்ததுதான் தாமதம், எங்கட ஐயா ஒருவர் ட்ரைவரைத் திட்டத் தொடங்கினார்.

ட்ரைவர் என்ன செய்வார், பாவம்? எங்கோ இருந்து ஐபஸ் திரையைப் பார்க்கிற கொன்ட்ரோலர் சொன்னால் நிற்கத்தான் வேணும். கொன்ட்ரோலரையும் விடுங்கோ. லண்டனில் அடிக்கடி ஓடுகிற பஸ்களுக்கு, 2001இல் வந்த ஒப்பந்த முறைப்படி, கம்பனிக்குப் போனசோ வெட்டோ விழுவது தரிப்பில் நிற்கிற சனம் மேலதிகமாகக் காத்திருந்த நேரத்தை வைத்து. உள்ளே இருக்கிற எங்கட நிமிசங்கள் அந்தக் கணக்கில் இல்லை.

மூன்று பஸ் ஒன்றாய் வந்து பிறகு ஒன்றுமே வராமல் கிடப்பதை விட இது மேல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கால் மணித்தியாலச் சம்பளம் வெட்டுப்பட்டது எனக்கு. எங்கட நிமிசத்தையும் எண்ணச் சொல்லி எழுதுங்கோ ஐயா, ட்ரைவரோட கத்தாதேங்கோ.