ஒரு வரி என்பது யார்?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்பட மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. இறந்தோர் தொகை நாளுக்கு நாள் ஏறி 24ஆம் திகதி 359 ஆயிற்று. மறுநாள் சுகாதார அமைச்சு அதனை ஏறத்தாழ 253 எனத் திருத்தியது. சிதைந்த உடல்கள் இரு தடவை எண்ணப்பட்டிருக்கலாம் என்பது விளக்கம். முதல்நாள் இட்ட தலைப்பைப் பத்திரிகைக்காரர்களாகிய நாமும் திருத்திக்கொண்டோம்.

எண்ணியவர்கள் பொய் சொன்னார்கள் என நான் நினைக்கவில்லை. உடற்பாகங்களை எண்ணுவது வேறு, ஆட்களை எண்ணுவது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினோம்.

மென்பொருள் துறையிலுள்ள நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, தமது தொழிலின் முதற்பாடமே இதுதான் என்றார். பல திணைக்களங்களின் பதிவுகளை ஒன்றுசேர்த்துக் கேள்வி கேட்க உதவுவதே தரவுக் களஞ்சியம். அதனை அமைப்பவர் தொடக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டியது, அட்டவணையின் ஒரு வரி எதைக் குறிக்கிறது என்பதே. ரால்ஃப் கிம்பால் 1996இல் வெளியிட்ட நூலின் வழிவந்த பாடம் இது. விடையைக் கணினி தராது. அந்தத் தரவோடு வாழ்பவர்தான் சொல்ல வேண்டும்.

நமது நாட்டில் அவரிடம் கேட்கிறோமா? 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்பநிலை ஆகியவற்றை ஒட்டிய 22 சுட்டிகளால் வறுமை அளக்கப்பட்டது. மின்பாவனையும் அவற்றுள் ஒன்று. பெயர்ப்பட்டியல் வெளிவந்ததும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன.

கொச்சிக்கடைத் தோட்டங்களின் குறுகிய ஒழுங்கைகளில் நடந்தவர்களுக்கு ஒரு காரணம் புரியும். அங்கே வயதான தாயொருவர் என்னிடம், “வீடு ஒன்றுதான் தம்பி, சமையல் மூன்று” என்றார். மின்மானியும் ஒன்றுதான். மூன்று சமையலுக்கும் ஓடிய அலகுகளை ஒரு சமையலின் ஆட்களால் மட்டும் வகுத்தால், ஏழை வசதியுள்ளவராகிவிடுவார். மின்விநியோக நிறுவனத்துக்கு ஒரு வரி என்பது ஓர் இணைப்பு. குடிசன மதிப்பீட்டுக்கு, ஒன்றாகச் சமைத்து உண்போர். கிராம உத்தியோகத்தருக்கு, வாக்காளர் இடாப்பிலுள்ள ஓர் இலக்கம். மூன்றையும் இணைக்கும்போது அந்தத் தாயின் வாக்கியம் எங்கும் இல்லை.

மென்பொருளுக்கான தேவைகளைத் திரட்டும் பணி இங்கு பெரும்பாலும் ஆங்கிலத்தில், மேலதிகாரிகளோடு நடக்கிறது. ‘ஹவுஸ்ஹோல்ட்’ என்று எழுதியதும் விடயம் முடிந்துவிடுகிறது. ஆனால் வீடு, குடும்பம், சமையல் என்று நாம் மூன்று சொற்களால் பிரித்தறிவதை அந்த ஒரு சொல் விழுங்கிவிடுகிறது. பேச்சுமொழி குழப்பமானது, ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் உண்டு என்பார்கள். உண்மைதான். அந்தக் குழப்பத்தைத் தொடக்கத்திலேயே கேட்டுத் தெளிவதற்கு ஆகும் செலவு, இலட்சம் மேன்முறையீடுகளை விசாரிக்கும் செலவைவிடக் குறைவு.

ஆகவே என் வேண்டுகோள் எளியது. கிராம உத்தியோகத்தரும், படிவம் நிரப்புபவரும், கொடுப்பனவு பெறுபவரும் சொல்வதை அவர்களுடைய தமிழிலும் சிங்களத்திலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதிலிருந்து அட்டவணையை வரையுங்கள். வரைந்ததை அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். “இது எங்கள் வீடு அல்ல” என்று அந்தத் தாய் சொன்னால், திருத்தப்பட வேண்டியது அட்டவணைதான்.