பூட்டிய வாசலில் காத்திருக்கும் நாய்



வீடு மாறுவோர் வளர்ப்புப் பிராணிகளைப் பழைய தெருவிலேயே விட்டுச் செல்வதைக் கண்டித்து உங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை முற்றிலும் ஏற்கத்தக்கது. அனுமந்தன்பட்டியில், குடியிருந்தவர்கள் கம்பத்துக்குப் பெயர்ந்த பின்னும் பூட்டிய கதவின் படியிலேயே படுத்து, ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் காதை நிமிர்த்திய செவலை நாயைத் தெருவே பார்த்தது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் தக்க காரணமின்றிப் பிராணியைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவின்படி குற்றமாகும். பூனையோ இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்பினது ஆதலால், அதன் மணம் ஊறிய பழைய சாக்கோடு புது வீட்டின் ஓர் அறையில் இரண்டு மூன்று வாரம் அடைத்துப் பழக்கினால், பழைய வீட்டைத் தேடி ஓடுவது பெரும்பாலும் குறையும். புது வீட்டில் இசைவு இல்லாமல் பிராணி தெருவில் விடப்படாதிருக்க, அட்வான்ஸ் பெறும்போதே, பிராணி வளர்க்க இசைவு உண்டா என்பதை வீட்டு உரிமையாளர்கள் வாடகை ஒப்பந்தத்தில் எழுதித் தர வேண்டும்.

– வாசகர், அனுமந்தன்பட்டி