கல்லைக் கீழே போடுங்க, குட்டியைக் கையில் எடுங்க!

ராயபுரத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 நவம்பர் மாதம். ஜி.ஏ.ரோடு. பெரியவர், சின்னவர் என்று பார்க்காமல் ஒரே நாய் 25 பேருக்கு மேல் கடித்துக் குதறியது. ரத்தம் சொட்டச் சொட்ட ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஆத்திரம் அடைந்த பொதுமக்கள் அந்த நாயை அடித்தே கொன்றார்கள். பிறகு சோதித்துப் பார்த்தபோது அதற்கு வெறிநோய் இருந்தது தெரிந்தது.

அன்றைக்கு அடித்தவர்கள் மேல் குறை சொல்ல நான் வரவில்லை. கண் முன்னால் குழந்தையைக் கடித்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

ஆனால் ஒரு கேள்வி. அந்த நாய் வானத்தில் இருந்தா குதித்தது? அதுவும் ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு திண்ணை ஓரம் குட்டியாகக் கிடந்ததுதானே? அப்போது யாராவது தூக்கிப்போய் ஒழுங்காக ஊசி போட்டிருந்தால், இத்தனை பேர் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்றிருப்பார்களா?

கோணிப்பையில் குட்டிகள்

போன மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். காசிமேடு பக்கம் ஒரு அடிதடி கேசு விஷயமாகப் போயிருந்தேன். குப்பைத்தொட்டி ஓரம் ஒரு கோணிப்பை அசைந்தது. பிரித்துப் பார்த்தால் நாலு நாய்க்குட்டி. இரண்டு செத்துக் கிடந்தன. இரண்டு முனகிக்கொண்டு இருந்தன. நாலும் பொட்டை. ஆண் குட்டி என்றால் யாராவது கேட்டு வாங்குவார்கள். பொட்டைக் குட்டி என்றால் கோணிப்பை.

ஒரு காப்பகத்துக்குப் போன் போட்டேன். "இடம் இல்லை சார். இங்கே கொண்டு வந்தாலும் இத்தனை சின்னக் குட்டி பிழைக்காது. பத்து நாள் யாராவது வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா?" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. காப்பகம் என்று போர்டு மாட்டிக்கொண்டு நம்மையே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்களே என்று நினைத்தேன்.

பக்கத்தில் மீன் விற்கும் அம்மா ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா தம்பி, பேப்பர்ல எழுதப் போறியா? எழுது, எழுது. எம் பேரனை நாய் கடிச்சு ஊசி மேல ஊசி போட்டோம். அதையும் சேர்த்து எழுது" என்றார்.

"எழுதறேம்மா. இதுங்களை என்ன பண்றது?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மீன் கூடையில் இருந்த ஈரச்சாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய புடவைத் துண்டை விரித்தார். "இங்க குடு. கடிச்ச நாயி வேற. இதுக்கு இன்னம் பல்லே மொளைக்கல."

ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். இன்னொன்றை எதிர்த் தையல்கடைக்காரர் வாங்கிக்கொண்டார். இரண்டும் பிழைத்தன. தையல்கடைக் குட்டியை ஒரு துறைமுகத் தொழிலாளி குடும்பம் தத்து எடுத்துக்கொண்டது. அந்த அம்மா மட்டும் தன் குட்டியைக் கொடுக்க மறுத்துவிட்டார். கடிபட்ட அதே பேரன்தான் அதற்குச் சோறு வைக்கிறான்!

காப்பகம் சொன்னது சரிதான் என்று பிறகு ஒரு டாக்டரிடம் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். நூற்றுக்கணக்கான நாய்கள் இருக்கும் இடத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் மாதிரி தொற்றுநோய்கள் சீக்கிரம் பரவும். தடுப்பூசி போடாத பால்குட்டிகள்தான் முதலில் போகும். வீட்டு மூலையில் ஒரு அட்டைப்பெட்டிதான் அவற்றுக்குப் பத்திரமான ஆஸ்பத்திரி.

கொன்றால் தீருமா?

"பிடித்துக் கொன்றுவிட்டால் தொல்லை விட்டது" என்று டீக்கடையில் சொல்கிறார்கள். செய்து பார்க்காமலா இருந்தோம்? நம்ம பேசின் பிரிட்ஜில்தான் மாநகராட்சியின் நாய் கொல்லும் கூடம் இருந்தது. கரண்ட் வைத்துக் கொன்றார்கள். 1990-களில் ஒரு நாளைக்கு நூறு நாய்க்கு மேல் போயிற்று. நாய் குறைந்ததா? இல்லை! கொன்ற நாயின் இடத்துக்கு அடுத்த தெரு நாய் வந்தது. மீன் கழிவும் கறிக்கடைக் கழிவும் தெருவில் கிடக்கும் வரை வரத்தான் செய்யும்.

கடைசியில் 1996-ல் அதை நிறுத்தினார்கள். பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, அதே இடத்தில் விடும் முறை வந்தது. இதை 1964-லேயே செய்யத் தொடங்கியது சென்னை புளூ கிராஸ்.

அந்த புளூ கிராஸ் எப்படிப் பிறந்தது தெரியுமா? 1959-ல் மழைத் தண்ணீரில் தத்தளித்த நாய்க்குட்டிகளை, விமானி கேப்டன் வி.சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். அவரும் மனைவி உஷாவும் பிள்ளைகளும் வீட்டிலேயே பார்த்துக்கொண்டார்கள். பெரிய கட்டடம், டிரஸ்ட், ஆம்புலன்ஸ் எல்லாம் பிறகு வந்தவை. முதலில் இருந்தது ஒரு வீடும் நனைந்த குட்டிகளும்தான். நம்ம மீன்கார அம்மா செய்ததும் அதே வேலைதான்.

கோர்ட்டு சொன்னது என்ன?

2024-ல் எடுத்த கணக்குப்படி சென்னையில் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் தெருநாய்கள். கருத்தடை ஆனது நூற்றுக்கு 27 தான். பாக்கி 73 குட்டி போடும். சினை பிடித்தால் சுமார் அறுபத்து மூன்று நாளில் ஈற்று. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

2025 ஆகஸ்டு 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு உத்தரவு போட்டது. கருத்தடை செய்து, ஊசி போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டதையும், பாய்ந்து கடிப்பதையும் விடக்கூடாது. கண்ட இடத்தில் சோறு போடக்கூடாது. ஒதுக்கிய இடத்தில்தான் போட வேண்டும். விருப்பம் உள்ளவர்கள் மனுக் கொடுத்துத் தெருநாயைத் தத்து எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர் மறுபடி தெருவில் விடக்கூடாது. இதுதான் சாரம். அதே ஆண்டு நவம்பர் 7-ந் தேதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் ஆகிய இடங்களில் இருந்து நாய்களை அகற்றி, திரும்ப அங்கே விடக்கூடாது என்றும் கோர்ட்டு சொன்னது.

அகற்றி எங்கே வைப்பது? காப்பகத்தில். காப்பகம் எங்கே? புளூ கிராஸ் வேளச்சேரியில். இன்னொன்று செங்குன்றம். நமக்குக் கிட்டத்தில் என்றால், 1877-ல் தொடங்கிய மிருகவதைத் தடுப்புச் சங்கம் வேப்பேரியில் இருக்கிறது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று இத்தனை பெரிய ஏரியாவுக்குக் கடி மட்டும் இங்கே, காப்பகம் அங்கே! வடசென்னைக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று மாநகராட்சியைக் கேட்கத்தான் வேண்டும். அது வரும் வரை குட்டிகள் காத்திருக்குமா?

மூன்று வாரம் போதும்

ஆகவேதான் சொல்கிறேன். மூன்று விதமாக உதவலாம். மூன்றுக்கும் பணக்காரனாக இருக்க வேண்டாம்.

ஒன்று, கை உதவி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் காப்பகத்துக்குப் போங்கள். கூண்டு கழுவ, குளிப்பாட்ட, சோறு வைக்க, கணக்கு எழுத ஆள் வேண்டும். குமாஸ்தா வேலை தெரிந்தவருக்கு அங்கே மரியாதை அதிகம்.

இரண்டு, தற்காலிக வளர்ப்பு. குட்டிக்கு மூன்று வாரம், ஒரு மாதம் இடம் கொடுப்பது. அட்டைப்பெட்டி, பழைய புடவை, குளிருக்குத் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில். பால்குட்டிக்கு மாட்டுப்பால் ஊற்றாதீர்கள், வயிற்றோட்டம் வரும். குட்டிக்கென்று விற்கும் பால்மாவு கொடுங்கள். ஆறு வாரத்துக்கு மேல் முதல் தடுப்பூசி. மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி நமக்கு ஒரு பஸ் தூரம்தான்.

மூன்று, தத்து. இது பத்து வருஷத்துக்கு மேல் போகும் சமாசாரம். வீட்டுக்கார அம்மா சம்மதிக்க வேண்டும். வாடகை வீடு என்றால் ஓனர் சம்மதிக்க வேண்டும். லைசென்ஸ் எடுக்க வேண்டும். கருத்தடை செய்ய வேண்டும். பிள்ளை அழுகிறதே என்று வாங்கி, பரீட்சை வந்ததும் தெருவில் விடுவதாக இருந்தால் தயவுசெய்து எடுக்காதீர்கள். அந்த நாய்தான் நாளைக்குக் கடிக்கும்.

"மனுஷனுக்கே இங்கே வழியில்லை, நாய்க்கு என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கன்டெய்னர் லாரிப் புகை, கடல் அரிப்பு, தண்ணீர்க் கஷ்டம் என்று நமக்குத் தொல்லை ஆயிரம். ஆனால் இதுவும் மனுஷனுக்கான வேலைதான். வெறிநோய் முற்றிவிட்டால் மருந்து இல்லை, சாவுதான். நாய்க்குப் போடும் ஒரு ஊசி, தெருவில் விளையாடும் பத்துப் பிள்ளைக்குக் காவல். கடிபட்டால் மட்டும் மஞ்சள், சுண்ணாம்பு, மந்திரம் என்று நேரம் கடத்தாதீர்கள். சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. 2023-ல் ஜி.ஏ.ரோட்டில் ஓடிய கூட்டத்தில் கையில் கட்டையோடு எத்தனையோ பேர். அதில் பாதிப் பேர் ஆளுக்கு ஒரு குட்டியை எடுத்தால், அடுத்த வருஷம் இந்தப் பக்கத்தில் நான் எழுத நாய்க்கடிச் செய்தி குறையும்.

எனக்கு எழுத வேறு செய்தி இல்லாமலா போகும்?