அளவையும் அறமும்

மன்னாரிலிருந்து பூநகரி செல்லும் நெடுவழியில் உள்ளது இலுப்பைக்கடவை. இத்தகைய ஊர்களில், க.பொ.த. உயர்தரத்திற் கலைப்பிரிவை நாடும் பிள்ளையைப் பெற்றோர் வினவுவதுண்டு: "அளவையியலும் சமயமும் கற்று என்ன பயன்?" பிள்ளையின் பிழைப்பை எண்ணிக் கேட்கும் அவ்வினாவை நாம் எள்ளுதல் தகாது.

விடையை ஊர்ப்பெயரிலேயே தேடுவோம். இலுப்பை விதை எண்ணெய் தரும். வேறொரு மரத்தின் விதையும் எண்ணெய் தருகிறது. ஆகவே அதுவும் இலுப்பையே எனின் ஒப்புவோமா? புன்னையும் வேம்பும் எண்ணெய் தருவன அன்றோ! 'அளவையியலும் விஞ்ஞானமுறையும்' என்னும் பாடம் இத்தகைய போலி முடிவுகளை இனங்காணப் பயிற்றுகிறது.

இப்பிழை மரத்தோடு நின்றாற் கேடில்லை. "எம் சமயம் அன்பைப் போதிக்கிறது, ஆகவே அன்புடையார் எம்மவரே" என்று எண்ணும்போது அயலார் அன்பற்றவராகி விடுகின்றனர். திருக்கேதீச்சரமும் மடுத் திருத்தலமும் பள்ளிவாசல்களும் உள்ள மன்னார் மாவட்டத்தில் இது சிறு பிழையன்று. அண்டை வீட்டாரை இழக்கும் பிழை.

மணிமேகலை வஞ்சி நகரிற் பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்ட பின்னரே அறவணரிடம் தருமம் கேட்கிறாள். அவரும் முதலில் அளவையையே விளக்குகிறார். ஆராயக் கற்றபின் அறம் கற்பதே முறை என்பது இதனாற் புலனாகும்.

ஆசிரியத் தொழிலுக்கும் சட்டத்துறைக்கும் இக்கல்வி துணைசெய்யும். எத்தொழில் வாய்ப்பினும், அயலாரை நேர்மையாக மதிப்பிடும் நெஞ்சு எஞ்சும். மாணவச் செல்வங்களே, தம் சமயத்தை அன்போடும் பிறர் சமயத்தை நடுவுநிலைமையோடும் கற்பீராக!