தலைவலிக்குத் தண்ணீர் மட்டும் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மெரினாவுக்குப் போய்ப் பார்த்தால் ஒரு கூட்டமே ஓடிக்கொண்டிருக்கும். உழைப்பாளர் சிலையில் ஆரம்பித்து கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்புகிறவர்கள், பெசன்ட் நகர் வரை நீட்டுகிறவர்கள், நாலு அடி ஓடிவிட்டு டீக்கடை தேடுகிறவர்கள் என்று எல்லா ரகமும் உண்டு. புதிதாக ஓட வந்தவர்கள் 3 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் வரை சந்தோஷமாகத்தான் இருப்பார்கள். 8, 10 என்று தூரத்தைக் கூட்டும்போதுதான் வம்பு. ஓடும்போது ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போய், குளித்து, நாலு இட்லி சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு, பத்து பதினோரு மணி வாக்கில் நெற்றிப்பொட்டில் மெதுவாக ஒரு வலி ஆரம்பிக்கும். அன்றைய ஞாயிற்றுக்கிழமை அதோடு காலி!

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும். "தண்ணி பத்தலை, நிறைய குடி." இந்த அறிவுரையில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

முதலில் உண்மையான பாதி. ஓடும்போது உடம்பு சூடாகிறது. வியர்வை ஆவியானால்தான் அந்தச் சூடு இறங்கும். சென்னை மாதிரி கடலோர ஊரில் காற்றிலேயே அவ்வளவு ஈரம் இருக்கும்போது வியர்வை எங்கே ஆவியாவது? பனியனை நனைத்துச் சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்போ குளிராது, ஆகவே இன்னும் வியர்க்கும். இப்படி ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒரு லிட்டர் போவது சர்வசாதாரணம். சிலருக்கு அதற்கு மேலும் போகும். ரத்தத்தின் அளவு குறைய, இதயம் வேகமாக அடிக்க, தலை கனக்க ஆரம்பிக்கிறது. இந்தத் தலைவலி தண்ணீர் குடித்தால் சரியாகும், சந்தேகமே இல்லை.

இப்போது மறுபாதி. 2002ம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 28 வயதுப் பெண் ஒருவர் கடைசிக் கட்டத்தில் சரிந்து விழுந்து, பிறகு இறந்துபோனார். தண்ணீர் இல்லாமல் அல்ல. குடித்தது அதிகமாகி, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், மூளை வீங்கியதால். அதே ஓட்டத்தை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வு 2005ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. அதில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இருந்தது. மூன்று பேருக்கு மிக ஆபத்தான அளவு. யாருக்கெல்லாம் இப்படி ஆனது என்று பார்த்தால், ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள்!

நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்கள் யார்? புதியவர்கள்தான். முன்னால் ஓடுபவனுக்கு டம்ளரை எடுக்கவே நேரம் இருக்காது. பின்னால் வருகிறவர் ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் நின்று, நிதானமாக இரண்டு டம்ளர் குடிப்பார். மெதுவாக ஓடுவதால் அவருக்கு வியர்வையும் குறைவு. வரவு அதிகம், செலவு குறைவு. மிச்சம் உடம்பிலேயே தங்குகிறது. சிறுநீரகம் வெளியேற்றிவிடாதா என்றால், நீண்ட ஓட்டத்தின்போது உடம்பு நீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கும். அதனால் வழக்கம் போல வெளியேறாது.

இதில் அந்தப் பெண்ணின் மேலோ மற்றவர்கள் மேலோ பழி போட முடியாது. 1996ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியே, தாங்குகிற அளவுக்கு அதிகபட்சம் குடியுங்கள் என்கிற தொனியில்தான் வழிகாட்டியது. 2007ல்தான் மாற்றிக்கொண்டார்கள். 2015ல் கூடிய சர்வதேச நிபுணர் குழு, தாகம் எடுத்தால் குடியுங்கள், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டது. ஆனால் ஓடுகிறவர்கள் நடுவே பழைய பாடம்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், இரண்டு கோளாறுக்கும் முதல் அறிகுறி ஒன்றுதான். தலைவலி, குமட்டல். தண்ணீர் குறைந்தவனுக்கும் தலை வலிக்கும், கூடியவனுக்கும் வலிக்கும். இரண்டாமவனிடம் போய் "இன்னும் ஒரு பாட்டில் குடி" என்றால் என்ன ஆகும்? வித்தியாசம் கண்டுபிடிக்க டாக்டர் பட்டம் வேண்டாம், ஒரு எடை பார்க்கும் மெஷின் போதும். ஓடப் போகும் முன் ஒரு தடவை, வந்து வியர்வையைத் துடைத்துவிட்டு ஒரு தடவை ஏறி நின்றால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர். 60 கிலோ இருப்பவர் ஒரு கிலோ வரை குறைந்தால் கவலையே வேண்டாம், அன்று முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து ஈடுகட்டலாம். எடை கூடியிருந்தால், மோதிரம் இறுகினால், விரல் உப்பினால், அதோடு தலையும் வலித்தால் அதற்கு மேல் ஒரு சொட்டுகூடக் குடிக்கக் கூடாது. பேச்சு குழறினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ நேராக ஆஸ்பத்திரிதான்.

அடுத்தது உப்பு. வியர்வையில் தண்ணீர் மட்டுமா போகிறது? கறுப்பு டி-ஷர்ட் காய்ந்ததும் முதுகில் வெள்ளைக் கோடு விழுமே, அதுதான் உப்பு. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஓட்டத்துக்கு வெறும் தண்ணீரே தாராளம். அதைத் தாண்டும்போது உப்புப் போட்ட நீர்மோரை மிஞ்ச ஒன்று கிடையாது (விளம்பரத்தில் கிரிக்கெட் வீரர் குடிக்கும் கலர் தண்ணீரைவிட மலிவு வேறு). இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் நிறைய, சோடியம் குறைவு. ஓ.ஆர்.எஸ். வாங்குவதானால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்த பொடியா என்று பாக்கெட்டைப் படித்து வாங்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீரை ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் டப்பாவில் அடைத்து விற்பதை 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. ஒரு விஷயம், அளவுக்கு மீறிக் குடித்தால் எந்த உப்பும் காப்பாற்றாது. விளையாட்டு பானமும் ரத்தத்தைவிட நீர்த்ததுதான்.

பல தலைவலிகளுக்குத் தண்ணீரோடு சம்பந்தமே இருக்காது என்பது இன்னொரு வேடிக்கை. தினமும் ஆறு மணிக்கு ஃபில்டர் காபி குடித்துப் பழகியவர், ஓட்டத்துக்காக அதை விட்டுவிட்டு ஒன்பது மணி வரை சுற்றினால் தலை வலிக்காமல் என்ன செய்யும்! முந்தின நாள் ராத்திரியும் சரியாகச் சாப்பிடாமல் வெறும் வயிற்றில் 10 கிலோமீட்டர் ஓடினாலும் வரும். ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போனாலே பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும். தொப்பியின் இறுக்கம், கண்ணில் நேராக அடிக்கும் வெயில், தோளைத் தூக்கிக்கொண்டே ஓடுவது எல்லாமே காரணங்கள்தான். திடீரென்று இடி விழுந்தது போல வரும் வலி மட்டும் வேறு சமாசாரம், அதற்கு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். தலை வலிக்கும் என்று முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் வியர்த்துக் களைத்த உடம்பில் சிறுநீரகத்துக்குக் கெடுதல். அதை அறவே விட வேண்டும்.

கடைசியாக, ஓடுகிறவர்கள் அதிகம் பேசாத ஒன்று. காலை ஐந்தரை மணிக்கு ஒரு சொம்பு தண்ணீரைக் கடகடவென்று குடிப்பதால் முந்தின நாள் பற்றாக்குறை தீராது. முந்தின நாள் பகல் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்திருக்க வேண்டும். எத்தனை கல்லூரிகளில் அது முடிகிறது? பாத்ரூமுக்குள் கால் வைக்க முடியாது என்பதற்காகவே காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடித்து, மறுநாள் விடியலில் ஷூ மாட்டிக்கொண்டு வந்தால், ஓட ஆரம்பிக்கும்போதே தண்ணீர் குறைந்த உடம்போடுதான் வருகிறாள். அவளிடம் போய் நிறைய தண்ணீர் குடி என்று உபதேசிப்பதற்கு முன்னால், அந்த பாத்ரூமைக் கழுவி, தாழ்ப்பாளைச் சரிசெய்து, குழாயில் தண்ணீர் வர வைக்கலாம்.